ரெண்டு மிஸ்ஸும் ஓரத்து மேசையும்

டி.ஏ.ன்னு சொன்னா நம்மூர் அரசு ஊழியர்களுக்குப் பஞ்சப்படி ஞாபகம் வரும். கொஞ்சம் ஊர் சுத்துற வேலையில இருக்கறவங்களுக்குப் பயணப்படி. நான் இந்தப் பதிவுல சொல்லப்போற டி.ஏ. ரெண்டும் இல்ல. டீச்சிங் அசிஸ்டெண்ட். இங்கிலாந்துல ஒரு ஆரம்பப் பள்ளியில நான் பார்க்கிற வேலை. படிகளுக்கும் இதுக்கும் ஒரு ஒற்றுமை உண்டு, சம்பளம்னு சொல்லிக்க முடியாத அளவுக்குச் சின்னத் தொகை :-)

எங்க அம்மா தெருவுல எல்லார்கிட்டயும் "எம்பொண்ணு லண்டன்ல டீச்சர்"னு சொல்லி வச்சிருக்காங்க. நான் இருக்கிறது லண்டனும் இல்ல, நான் டீச்சரும் இல்ல. "அசிஸ்டெண்டும்மா"ன்னு திருத்தினா, "அதான், டீச்சர் வேலை பார்க்குறதானே, அப்புறம் என்ன"ன்னு முடிச்சிடுவாங்க. பசங்களுக்கும் அதே கணக்குதான். டீச்சரும் மிஸ், நானும் மிஸ். யார் பெரிய மிஸ், யார் சின்ன மிஸ்ங்கிறதெல்லாம் ஆறு வயசுக்குத் தேவையில்லாத விஷயம். மூக்கு ஒழுகினா எந்த மிஸ் பக்கத்துல இருக்காங்களோ அவங்க.

ஆனா இந்த வேலையில உள்ள நிஜமான கேள்வியே அதுதான். ஒரே வகுப்புல ரெண்டு பெரியவங்க. யார் எதைச் செய்யணும்? நம்ம நண்பர்கள் பல பேர் வெளிநாட்டுல குழந்தைகளைப் பள்ளிக்கு அனுப்பறீங்க. சில பேர் ஆசிரியரா இருக்கீங்க. உங்களுக்கு உபயோகப்படும்னு நினைச்சு எழுதறேன். கொஞ்சம் நீளமாயிடுச்சு, டீ போட்டு எடுத்துட்டு வந்து உக்காருங்க.

முதல்ல காகிதத்துல உள்ள கணக்கு. இங்கிலாந்துல 2002ம் வருஷத்துக் கல்விச் சட்டமும் அதுக்குக் கீழ வந்த விதிகளும் பாடத்தைத் திட்டமிடுறது, நடத்துறது, பிள்ளைகளை மதிப்பிடுறது இதையெல்லாம் ஆசிரியர் வேலைன்னு வரையறுக்குது. ஆசிரியர் தகுதி இல்லாதவங்களும் அதுல பங்கெடுக்கலாம், ஆனா ஆசிரியரோட வழிகாட்டல்லயும் மேற்பார்வையிலயும்தான். 2003 ஜனவரியில அரசும் பெரும்பாலான ஆசிரியர் சங்கங்களும் ஒரு ஒப்பந்தம் போட்டாங்க. பெரிய சங்கமான என்.யூ.டி. மட்டும் கையெழுத்துப் போடல. ஆசிரியர்கள் வழக்கமா செய்யக்கூடாத எழுத்தர் வேலைகள்னு ஒரு நீளப் பட்டியல் அதுல வந்தது: ஜெராக்ஸ் எடுக்கறது, காசு வசூலிக்கறது, சுவர்ல படம் ஒட்டறது இந்த மாதிரி. 2005 செப்டம்பர்லேர்ந்து ஆசிரியரோட பாட நேரத்துல பத்து சதவீதம், திட்டமிடவும் திருத்தவும் ஒதுக்கணும்னும் ஆச்சு.

நல்லதுதானே? நல்லதுதான். ஆனா ஜெராக்ஸ் தானா எடுத்துக்காதே. ஆசிரியர் விட்ட வேலையெல்லாம் யார் மடியில வந்து விழுந்துச்சுன்னு தனியா சொல்லணுமா? 2000ம் வருஷம் இங்கிலாந்து அரசுப் பள்ளிகள்ல உதவி ஆசிரியர்கள் முழுநேரக் கணக்குல எண்பதாயிரத்துக்குப் பக்கம். 2020களின் தொடக்கத்துல ரெண்டே முக்கால் லட்சம் ஆயாச்சு. மூணு மடங்குக்கும் மேல.

சரி, இத்தனை பேரும் என்ன செய்யறோம்?

என்னோட ஒரு நாளைச் சொல்றேன். ரெண்டாம் வகுப்பு, ஆறேழு வயசு, முப்பது பிள்ளைங்க. (சின்ன வகுப்புகள்ல ஒரு ஆசிரியருக்கு முப்பது பேர்தான்னு சட்டம். உதவியாளர் எத்தனை பேர் நின்னாலும் இந்தக் கணக்குல சேர்த்தி இல்ல.) காலையில கோட்டு மாட்டறது, அழுதுட்டு வர்ற குழந்தையைச் சமாதானம் பண்றது. டீச்சர் வருகை எடுப்பாங்க. அப்புறம் எல்லாரும் கம்பளத்துல உக்காந்து பாடம் கேட்பாங்க. டீச்சர் முன்னாடி, நான் பின்னாடி, கிள்ளறவனுக்கும் கிள்ளப்படறவனுக்கும் நடுவுல அணை மாதிரி. பாடம் முடிஞ்சதும் எல்லாரும் மேசைக்குப் போவாங்க. டீச்சர் எல்லா மேசையும் சுத்தி வருவாங்க. நான் ஓரத்து மேசைக்குப் போவேன்.

அந்த ஓரத்து மேசையைப் பத்திதான் இந்தப் பதிவே.

எந்தப் பள்ளிக்குப் போனாலும் அப்படி ஒண்ணு இருக்கும். அதுக்கு நரி மேசை, முயல் மேசைன்னு அழகழகா பேரு வைப்பாங்க. ஆனா அங்க யார் உக்காந்திருக்காங்கன்னு வகுப்புல எல்லாருக்கும் தெரியும், முக்கியமா அங்க உக்காந்திருக்கறவங்களுக்குத் தெரியும். படிக்கத் திணறுற அஞ்சாறு பேர். அவங்களோட எப்பவும் உதவியாளர். அதாவது, வகுப்புலயே கத்துக்கொடுக்கக் கஷ்டமான பிள்ளைங்க, கத்துக்கொடுக்கப் பயிற்சி கம்மியா உள்ள ஆள்கிட்ட. காய்ச்சல் அதிகமா உள்ளவனைக் கம்பவுண்டர் பார்த்துக்கட்டும், டாக்டர் ஜலதோஷக்காரங்களைப் பார்ப்பார்னு சொன்னா ஒத்துப்போமா?

யாரும் வேணும்னு இப்படிச் செய்யறதில்ல. "அவனுக்குத் தனி கவனம் தேவை, அதான் பக்கத்துலயே ஒருத்தரை வச்சிருக்கோம்"னு சொல்றப்போ கேக்க நல்லாத்தான் இருக்கும். பெத்தவங்களும் சந்தோஷப்படுவாங்க. ஆனா அந்தத் தனி கவனம், டீச்சரோட கவனத்துக்கு மேல கிடைக்குற ஒண்ணா இல்லாம அதுக்குப் பதிலா கிடைக்குற ஒண்ணா ஆயிடுது. மேலயா, பதிலாங்கிறதுதான் விஷயம்.

இது என் சொந்தப் புலம்பல்னு நினைக்காதீங்க. லண்டன் இன்ஸ்டிட்யூட் ஆஃப் எஜுகேஷன்ல பீட்டர் பிளாட்ச்ஃபோர்டும் அவர் குழுவும் 2003லேர்ந்து பல வருஷம் இதை ஆராய்ஞ்சு 2009ல முடிவுகளை வெளியிட்டாங்க. எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள். உதவியாளர் இருந்ததால ஆசிரியர்களோட வேலைப்பளுவும் மன அழுத்தமும் குறைஞ்சிருந்தது, அது நிஜம். ஆனா எந்தப் பிள்ளைக்கு உதவியாளரோட நேரம் அதிகமா கிடைச்சுதோ, அந்தப் பிள்ளை அதே மாதிரி உள்ள மத்த பிள்ளைகளைவிடக் கம்மியா முன்னேறியிருந்தது. "மக்குப் பசங்களுக்குத்தானே உதவி போகுது, அதனால அப்படித்தான் வரும்"னு உடனே தோணும். அந்தப் பிள்ளைங்க முன்னாடி வாங்கின மதிப்பெண், சிறப்புத் தேவை எல்லாத்தையும் கணக்குல எடுத்த பிறகும் இதே முடிவுதான்.

படிச்சதும் எனக்குக் கோபம்தான் வந்தது. நாங்க இல்லாமலே இருந்தா நல்லதா, என்ன சொல்றாங்கன்னு. முழுசா படிச்சதும் கோபம் இடம் மாறிடுச்சு. ஏன்னா அவங்க உதவியாளர்களைக் குத்தம் சொல்லல. வேலையைப் பிரிச்சுக் கொடுத்த விதத்தைத்தான் சொன்னாங்க. பேசித் திட்டமிடன்னு ஒதுக்கின நேரமே இல்லைன்னு முக்கால்வாசி ஆசிரியர்கள் சொல்லியிருக்காங்க. அதாவது, இன்னிக்கு என்ன பாடம்னு உதவியாளருக்கும் பிள்ளைங்களுக்கும் ஒரே நேரத்துலதான் தெரியும், போர்டைப் பார்த்து. நோக்கம் தெரியாதவங்களுக்குத் தெரியறது ஒண்ணே ஒண்ணு, இந்தத் தாளை முடிக்கணும். டீச்சர் பையனுக்குப் புரிஞ்சுதான்னு பார்ப்பாங்க. உதவியாளர் தாள் முடிஞ்சுதான்னு பார்ப்பாங்க. முடியலைன்னா கேள்வி யாரைக் கேப்பாங்க?

இப்ப அந்தப் பையன் விஷயத்துக்கு வர்றேன். பேர் வேண்டாம், கொஞ்சம் அடையாளமும் மாத்தியிருக்கேன். சில வருஷத்துக்கு முன்னாடி நான் புதுசா ஒரு ரெண்டாம் வகுப்புக்கு மாறினப்போ ஓரத்து மேசையில இருந்தான். முந்தின வருஷம் முழுக்க அவன் பக்கத்துல ஒரு உதவியாளர் உக்காந்திருந்தாங்க. நல்ல மரியாதையான பையன். தாளெல்லாம் சுத்தமா முடிஞ்சிருக்கும். நோட்டைப் பார்த்தா ஒரு குறையும் சொல்ல முடியாது.

அவனோட படிக்க உக்காந்தேன். புத்தகத்துல 'ஷிப்'னு இருக்கு. அவன் 'ஷாப்'னான். சொல்லிட்டு என் மூஞ்சியைப் பார்த்தான். நான் ஒண்ணும் சொல்லல, தலையும் ஆட்டல. "ஷிப்"னான். மறுபடி என் மூஞ்சி. அடுத்த வார்த்தைக்கும் அப்படியே. ஒரு பக்கம் முடியறதுக்குள்ள எனக்குப் புரிஞ்சுபோச்சு. சாயங்காலம் டீச்சர்கிட்ட சொன்னேன்: "இவன் புத்தகத்தைப் படிக்கல. என்னைப் படிக்கிறான்."

அந்த டீச்சர் என்னைவிடப் பதினஞ்சு வயசு சின்னவங்க. இங்க எல்லாரும் பேர் சொல்லித்தான் கூப்பிட்டுக்குவாங்க. எனக்குத்தான் இன்னும் வாய் வராது, டீச்சர்னே வந்துடும். அவங்க அதைக் கேட்டுட்டு ஒண்ணும் சொல்லல. ஒரு வாரம் கழிச்சு, தான் அந்தப் பையன்கிட்ட நேரா உக்காந்து பாடம் பேசின நேரத்தைக் குறிச்சு வச்சிருந்ததைக் காட்டினாங்க. அந்த வாரம் மொத்தம் 12 நிமிஷம். வகுப்புல நல்லா படிக்கிற பொண்ணு ஒண்ணுக்கு அதைவிட அதிகம். "இந்தப் பிள்ளைங்களும் என் வகுப்புதானே"ன்னாங்க. அவ்வளவுதான், பெரிய உரையெல்லாம் இல்ல.

அடுத்த திங்கக்கிழமைலேர்ந்து நாலு விஷயம் மாறிச்சு.

ஒண்ணு, சுழற்சி. வாரத்துல மூணு நாள் டீச்சர் ஓரத்து மேசையில உக்காருவாங்க. நான் மத்த மேசைகளைச் சுத்தி வருவேன். அங்க தானா எழுதற பிள்ளைங்கதான், ஒரு தள்ளு கொடுத்தா போதும்.

ரெண்டு, பேசற நேரம். மதியம் கடைசியில நான் லேமினேஷன் போடற கால் மணி நேரத்தைக் காலைக்கு மாத்தச் சொல்லி டீச்சரே தலைமையாசிரியர்கிட்ட போய்க் கேட்டாங்க. கூடுதல் சம்பளம் இல்ல, கூடுதல் நேரமும் இல்ல, நேரம் இடம் மாறிச்சு. படங்கள் லேமினேஷன் இல்லாம கொஞ்சம் சுருண்டு தொங்கிச்சு. யாரும் செத்துப்போகல.

மூணு, ஒரு துண்டுச் சீட்டு. இன்னிக்குப் பாடத்தோட நோக்கம் என்ன, எந்த வார்த்தையைப் பயன்படுத்தணும், எந்த இடத்துல பிள்ளைங்க தடுக்கி விழுவாங்க. மூணே வரி. மதியம் அதே சீட்டோட பின்பக்கம் நான் எழுதித் தருவேன், யாருக்குப் புரியல, எதனால.

நாலாவதுதான் எனக்குக் கஷ்டமா இருந்தது. உதவியில ஒரு வரிசை. முதல்ல சும்மா இரு, பையன் தானா யோசிக்கட்டும். முடியலைன்னா "அடுத்து என்ன செய்யலாம்?"னு கேளு. அதுவும் போதலைன்னா ஒரு சின்னத் துப்பு. அதுக்கப்புறம்தான் செய்து காட்டறது. சரியான விடையைச் சொல்றது கடைசிப் படி. அந்த முதல் படி இருக்கே, சும்மா இருக்கறது! ஒரு குழந்தை உங்க எதிர்ல தவிக்கறப்போ மனசுக்குள்ள பத்து எண்ணிப் பாருங்க. நம்மூர்ல சோறு ஊட்டி ஊட்டியே வளர்க்கற கை இது, தானா நீளும். நான் ரெண்டு கையையும் தொடைக்கு அடியில வச்சு உக்காருவேன்.

பையனுக்கு முதல் ரெண்டு வாரம் பிடிக்கவே இல்ல. தாளெல்லாம் பாதியில நின்னுச்சு. அம்மா வந்து, "போன வருஷம் எல்லாம் முடிச்சுட்டிருந்தானே, இப்ப என்ன ஆச்சு?"ன்னு கேட்டாங்க. நியாயமான கேள்வி. டீச்சர் பழைய நோட்டையும் புது நோட்டையும் பக்கத்துல வச்சு, "இதுல எது அவன் எழுதினது?"ன்னு கேட்டாங்க. அந்தம்மா ரொம்ப நேரம் பார்த்தாங்க. அப்புறம் புது நோட்டுல இருந்த கோணல் எழுத்தைக் காட்டினாங்க.

இங்க முதல் வகுப்பு முடியறப்போ எழுத்தொலித் தேர்வுன்னு ஒண்ணு, 2012லேர்ந்து நடக்குது. நாப்பது வார்த்தை வாசிக்கணும். அதுல பாதி அர்த்தமே இல்லாத வார்த்தைகள், மனப்பாடமா இல்லாம எழுத்தைக் கூட்டித்தான் வாசிக்கறாங்களான்னு பார்க்கத்தான். முதல் வகுப்புல தேறலைன்னா ரெண்டாம் வகுப்புல மறுபடி. இவன் முதல் தடவை தேறல. ஜூன் மாசம் மறுபடி உக்கார வச்சாங்க. தெரிஞ்ச ஆசிரியர் ஒருத்தர் மட்டும் எதிர்ல இருப்பாங்க, ஆனா சரி தப்புன்னு ஒரு ஜாடையும் காட்டக்கூடாது. அதாவது, மூஞ்சி உதவாது. நான் வெளியில கூடத்துல மத்த பசங்களுக்குக் கதை படிச்சுட்டிருந்தேன். என்ன கதைன்னு கேட்டா இன்னிக்கு வரைக்கும் சொல்ல முடியாது. அப்புறம் டீச்சர் சொன்னாங்க: முதல் வார்த்தைக்கு நிமிர்ந்து பார்த்தானாம். ரெண்டாவது வார்த்தைக்கும். மூணாவதுலேர்ந்து தாளையே பார்த்தானாம்.

தேறினான், மயிரிழையில. வகுப்புல முதல் மாணவனா ஆகல. அதெல்லாம் சினிமாவுல. இன்னும் மெதுவாத்தான் படிக்கறான். ஆனா அவன்தான் படிக்கறான்.

இங்க நம்ம ஊர்க் கதை ஒண்ணு சொல்லியே ஆகணும். திண்ணைப் பள்ளிக்கூடத்துச் சட்டாம்பிள்ளையை உங்க தாத்தா பாட்டி சொல்லிக் கேட்டிருப்பீங்க. வாத்தியாருக்குப் பதிலா சின்னப் பிள்ளைங்களுக்குப் பாடம் சொல்ற பெரிய பையன். 1789ல நம்ம எழும்பூர்ல ஒரு ஆண்கள் அநாதை இல்லத்துக்குப் பொறுப்பேத்தவர் ஆண்ட்ரூ பெல்ங்கிற ஸ்காட்லாந்துப் பாதிரியார். நம்மூர்ப் பள்ளிக்கூடத்துல பிள்ளைங்க மணல்ல விரலால எழுதிப் பழகறதைப் பார்த்து, தன் இல்லத்துலயும் செய்யச் சொன்னார். அங்க இருந்த உதவி வாத்தியார்கள் ஒத்துக்கல. எட்டு வயசுப் பையன் ஒருத்தனைக் கூப்பிட்டு, சின்னவங்களுக்கு நீ சொல்லிக் குடுடான்னு விட்டார். நடந்துச்சு. ஊருக்குத் திரும்பி 1797ல புத்தகமே போட்டார். 'மெட்ராஸ் சிஸ்டம்'ங்கிற பேர்லயே அது இங்கிலாந்து முழுக்கப் பரவிச்சு. அதே காலத்துல ஜோசப் லங்காஸ்டர்ங்கிறவரும் லண்டன்ல இதே மாதிரி ஒரு முறையை நடத்தினார். ஒரே வாத்தியார், சில நூறு பிள்ளைங்க, நடுவுல சட்டாம்பிள்ளைங்க.

ஏன் பரவிச்சு? மலிவு. ஏன் பின்னாடி கைவிட்டாங்க? தான் அரைகுறையா கத்துக்கிட்டதைத்தான் சட்டாம்பிள்ளை மத்தவனுக்கு ஒப்பிக்க வைக்க முடியும். புரியாதவனுக்கு ஏன் புரியலைன்னு கண்டுபிடிக்கறது வேற வேலை. 1846லேர்ந்து மாணவ ஆசிரியர்னு பயிற்சி கொடுத்து உருவாக்கற முறைக்கு அரசு பணம் கொடுக்க ஆரம்பிச்சது.

எழும்பூர்லேர்ந்து கிளம்பின அந்த யோசனை இருநூத்துச் சொச்சம் வருஷம் கழிச்சு என்னை ஓரத்து மேசையில உக்கார வச்சிருக்குன்னு சொன்னா கொஞ்சம் ஓவர்தான். ஆனா கேள்வி அதேதான். உதவிக்கு ஆள் வைக்கறது, ஆசிரியர் கஷ்டமான பிள்ளைகிட்ட போய் உக்காரறதுக்கா, இல்ல ஆசிரியரே வேண்டாம்னு மிச்சம் பிடிக்கவா?

ரெண்டாவது வகையையும் நான் பார்த்திருக்கேன். முன்னாடி வேலை பார்த்த பள்ளி ஒண்ணுல, டீச்சர் பயிற்சிக்குப் போறாங்க, "சும்மா ஒரு மதியம் பார்த்துக்கோங்க"ன்னாங்க. அது வாரத்துக்கு ரெண்டு மதியம் ஆச்சு. பார்த்துக்கறது மெல்ல நடத்தறதா ஆச்சு. சம்பளம் மட்டும் பார்த்துக்கற சம்பளமாவே இருந்தது. எங்களுக்குப் பள்ளி நடக்கற வாரங்களைக் கணக்குப் போட்டுத்தான் சம்பளம். என்கூட இருந்த ஒரு கெட்டிக்காரப் பொண்ணு, பிள்ளைங்களோட அப்படி ஒட்டுதலா இருக்கும், சூப்பர்மார்க்கெட் கல்லாவுக்குப் போயிடுச்சு. அங்க மணிக்கு அதிகம் கொடுக்கறாங்க, யாரும் காலை உதைக்கறதுமில்ல. ஓரத்து மேசைக்கு அந்த வருஷம் மூணு ஆள் மாறினாங்க.

அதனால வெளிநாட்டுல இருக்கற நம்ம மக்களுக்கு ஒரு வேண்டுகோள். பெற்றோர் கூட்டத்துல "என் பிள்ளைக்கு உதவிக்கு ஆள் இருக்கா?"ன்னு கேக்கறதோட நிறுத்தாதீங்க. வாரத்துல எத்தனை தடவை டீச்சர் நேரா என் பிள்ளையோட உக்காருறாங்கன்னு கேளுங்க. டீச்சரும் உதவியாளரும் எப்ப பேசிக்கறாங்கன்னு கேளுங்க. உதவியாளர் வகுப்பைவிட்டு வெளியில கூட்டிட்டுப் போய்ச் சொல்லிக் கொடுத்தா பதறாதீங்க. சரியான பயிற்சியோட, வாரத்துல சில தடவை, அரை மணி நேரம் போல, ஒழுங்கான திட்டப்படி நடந்தா அது நல்லாவே பலன் தருதுன்னும் ஆய்வுகள் சொல்லுது. ஆனா அங்க கத்துக்கிட்டதை இங்க வகுப்புல டீச்சர் தொடர்றாங்களான்னு கேளுங்க. ஆசிரியரா இருக்கற நண்பர்கள் அந்த மூணு வரிச் சீட்டை மட்டுமாவது முயற்சி பண்ணிப் பாருங்க. காசு செலவில்லை.

நம்மூர்ப் பள்ளிகள்ல, அங்கன்வாடிகள்ல டீச்சரும் ஆயாம்மாவும் வேலையை எப்படிப் பிரிச்சுக்கறாங்கன்னு தெரிஞ்சவங்க பின்னூட்டத்துல எழுதுங்க. எனக்கு ஒண்ணாங்கிளாஸ்ல ஆனா ஆவன்னா எழுத வச்சது யாருன்னு யோசிச்சுப் பார்க்கறேன். டீச்சர் மூஞ்சி ஞாபகம் வரல. மணல் தட்டுல என் விரலைப் பிடிச்சு இழுத்த ஒரு கரடுமுரடான கை ஞாபகம் இருக்கு. அது டீச்சர் கையா, ஆயாம்மா கையான்னு தெரியல.

பி.கு.: அம்மாவுக்கு இந்தப் பதிவை போன்ல படிச்சுக் காட்டினேன். முழுசா கேட்டுட்டு, "எல்லாம் சரி, அப்ப நீ எப்ப டீச்சர் ஆவ?"ன்னாங்க. ஙே!